ஓய்ந்த கால்

விழுந்த விமானத்தை நாங்கள்
கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவோம்.
முதலில் சேறு. அப்புறம் இறக்கை.
அப்புறம்தான் அதன் ஜாதகம்.

அயாகாரா ஓடுபாதைக்கு மேற்கே நானூறு மீட்டர்.
கடல் வற்றிய நேரத்துச் சகதியில்
தலைகுப்புறக் கிடந்தது.
இரட்டை எஞ்சின். வயது நாற்பத்தொன்று.
என்னைவிட மூன்று வயது இளையது.

புவெர்த்தோ மோன்ட் விடுதிக் கட்டிலில்
அதன் பதிவேடுகளை விரித்தேன்.
எண்பத்தொன்பதில் மூக்குச் சக்கரம் மடங்கித்
தாரைக் கீறிக்கொண்டு போயிருக்கிறது.
தொண்ணூற்றேழில் நடுவானில் கதவு திறந்து
ஒரு தொப்பியோடு போயிற்று.
இரண்டாயிரத்து ஆறில், ஒரு தொட்டி வறண்டு
மறு தொட்டி ததும்பத் ததும்ப
உருளைக்கிழங்கு வயலில் இறங்கியிருக்கிறது.
குழாயைத் திருப்ப மறந்த கை யாருடையது என்று
எழுதவில்லை.
ஐந்து முதலாளிகள். மூன்று நிறங்கள்.
ஒவ்வொன்றின் கீழும் ‘பழுது நீக்கப்பட்டது’,
வேறு வேறு கையெழுத்தில்.

இம்முறை, இடது எஞ்சினின் கார்புரேட்டரில்
ஒன்றரைக் கரண்டி தண்ணீர்.
ஓடுபாதை ஓரத்து எண்ணெய் பீப்பாய்,
துருவேறிய மூடி,
பதினொரு நாள் மழை.
இதுவரை எளிது.

ஆனால் வலது?
அதன் ப்ரொப்பல்லர் அலகுகள்
காற்றுக்கு விளிம்பைக் காட்டி
ஒழுங்காக, அமர்த்திவைத்தபடி நின்றன.
நின்றுபோன எஞ்சினுக்குச் செய்ய வேண்டியதை
ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குச் செய்திருக்கிறார்
நிபால்தோ ஓயார்சோ, ஆறாயிரம் மணி நேரம் பறந்தவர்.

கழற்றிக் கழுவிப் பட்டறைத் தாங்கியில் ஏற்றினோம்.
இரண்டாம் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது.
நல்ல சத்தம். ஒரு இருமல்கூட இல்லை.
உலீசெஸ் சிகரெட் பிடிக்க வெளியே போனவன்
வெகுநேரம் வரவில்லை.

பிழைத்த ஒரே ஆள், செவிலி யாமிலெத் பார்ரியா,
கழுத்துப் பட்டையோடு சொன்னாள்:
“குடையை மடக்குவது மாதிரி நிறுத்தினார்.
பதற்றமே இல்லை.
தெரிந்துதான் செய்கிறார் என்று நினைத்தேன்.”

எங்கள் எல்லோருக்கும் கற்பித்த பாடம்தான் இது:
ஒரு எஞ்சின் செத்தால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும்.
எதிர்ப்பக்க மிதியை முழுப் பலத்தோடு மிதி.
எந்தக் கால் சும்மா இருக்கிறதோ
அந்தப் பக்கம்தான் செத்தது.
கண்ணை நம்பாதே, கடிகார முட்களை நம்பாதே,
காலைக் கேள்.

கால்புகோவில் எர்மிந்தா சிப்பி கழுவிக்கொண்டிருந்தாள்.
ஈரக் கையைத் துடைக்காமலே பேசினாள்.
“வலது கால் மரத்துப்போகும். ரெண்டு வருஷமாக.
காரை நிறுத்தி இறங்கி உதறுவார்.
டாக்டரிடம் சொன்னால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவான், பேசாதே என்பார்.”
பிறகு, ஒரு சிப்பியைப் பிளந்தபடி:
“இதை எழுதுவீர்களா?”

காப்பீட்டைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.
இல்லை என்று பிறகு தோன்றியது.
இன்னும் தெரியவில்லை.

படிவத்தில் ‘காரணம்’ என்றொரு கட்டம்.
நான்கு வரி கொள்ளும்.
தண்ணீர் என்று எழுதினேன். பீப்பாய் என்று எழுதினேன்.
தவறான எஞ்சின் நிறுத்தப்பட்டது என்று எழுதினேன்,
யார் நிறுத்தியது என்று சொல்லாத வினையில்.
மிச்சம் ஒன்றேகால் வரி.

அன்றிரவு விடுதி நாற்காலியில்
வலது காலை மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்
நாற்பது நிமிடம்.
பிறகு நீட்டிச் சுவரில் வைத்து
மிதித்தேன்.
மிதிக்கிறேனா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

அவருக்கு இருந்தது பதினொரு நொடி.
கீழே பார்க்க நேரமில்லை,
கடல் அங்கிருந்தது.